கிழக்கெல்லையில் ஓரடி

ஆதார் அட்டை கையில் இருக்கிறதா அம்மா? பயப்படாதீர்கள், நான் ஏமாற்றுக்காரன் இல்லை. ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். உங்கள் பத்திரம் ஸ்கேன் ஆகிக் கைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்று அந்த ஜன்னலில் சொன்னார்களே, என் காதில் விழுந்தது. எப்படியும் அதுவரை இந்தப் பெஞ்சில்தான் இருப்பீர்கள். அதனால்தான் கேட்கிறேன். பெயர், முகவரி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

ஆனால் எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போடக் கூடாது. அதோ, டீக்கடை ஓரமாக மேசை போட்டிருக்கிறாரே, பத்திரம் எழுதுகிற பரமானந்தம் சார், அவர் திட்டுகிறார். "சாட்சிக்கு விவரம் தெரியணும்னு யாரும் கேக்கல தம்பி. கையெழுத்தைக் கேளு, கதையைச் சொல்லாதே." எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாட்சி அவரே போடுகிறேன் என்கிறார். இன்னொன்றுதான் கிடைக்கவில்லை. என் டோக்கன் நாற்பத்தொன்று. இப்போது முப்பத்து மூன்று உள்ளே போயிருக்கிறது. நேரம் இருக்கிறது.

என் பெயர் பலவேசம். பி.இ. சிவில். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்கூட உண்டு. உண்டு என்றால் இப்போது என்னிடம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது தானப் பத்திரம். என் பெயரில் உள்ள நிலத்தைச் சாலைக்காக ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நீளம் முப்பதடி, அகலம் ஓரடி. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெஞ்சு அகலம்தான் இருக்கும். சிரிக்காதீர்கள் அம்மா. எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள்.

நான் ராஜாமணி அண்ணாச்சியிடம் வேலை பார்க்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் நிலம் வாங்கி மனை போட்டு விற்கிறவர். கடைசியாகப் போட்டது தியாஸ்ரீ அவென்யூ, அவர் பேத்தி பெயர். அளப்பது, சாலை போடுவது, மனை பிரிப்பது, படம் வரைவது, அதை நகரமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு போவது, எல்லாம் நான். அந்த நிலத்துக்குக் கிழக்கே அறுபது சென்ட் நிலம் ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு வழியே கிடையாது. மூன்று பக்கமும் அடுத்தவர் நிலம், ஒரு பக்கம் ஓடை. இதுவரை நம் நிலத்து வரப்பில்தான் நடந்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் நகரமைப்பில் ஒரு நிபந்தனை போடுவார்கள். நம் முப்பதடிச் சாலையைக் கிழக்கெல்லை வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நாளைக்கு அந்த நிலமும் மனையானால் சாலை அப்படியே உள்ளே நீண்டுவிடும். நியாயமான நிபந்தனை. எனக்குப் பிடித்த நிபந்தனை. ஊர் அப்படித்தானே வளர வேண்டும்?

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மனைப்பிரிவு போட்டாலும் சாலை முடிகிற இடத்தில் ஓரடியை விட்டுவைப்பார். ஆபீசில் அதற்குச் சாவி என்று பெயர். "பின்னால உள்ள நிலத்துக்காரன் என்னைக்காவது வருவாம்லா, அன்னைக்குச் சாவி நம்ம கையில இருக்கணும்" என்பார். படத்தில் சாலை எல்லை வரை இருக்கும், தரையில் ஓரடிக்கு முன்னால் கல்லை ஊன்றி முள்கம்பி இழுத்துவிடுவார். ஆனால் இரண்டு இடத்தில் அது செல்லவில்லை. வக்கீல் வைத்துப் படத்தை எடுத்துப் பார்த்தவர்கள் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தியாஸ்ரீ அவென்யூவிலும் அதையே செய்யச் சொன்னார். சாலை நீளம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. படத்தில் பன்னிரண்டு போடு, தரையில் பதினொன்றில் கல்லை நடு. நான் முடியாது என்றுதான் சொன்னேன் அம்மா. சத்தியமாகச் சொன்னேன். நான் வரைந்த படத்தில் ஓர் அளவு, தரையில் ஓர் அளவு என்றால் நான் படித்ததற்கு என்ன அர்த்தம்? இரண்டு நாள் படத்தை வரைந்து வரைந்து அழித்தேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தெரிந்தது.

"அண்ணாச்சி, விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே அந்த ஓரடியைத் தனியா உட்பிரிவு பண்ணி, வேற ஆள் பேருக்குப் பதிஞ்சிட்டா, நம்ம மனைப்பிரிவோட எல்லையே அங்க முடிஞ்சிரும். சாலை எல்லை வரைக்கும் போகும். படமும் சரியா இருக்கும், தரையும் சரியா இருக்கும்."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, இங்க வா. முப்பது வருசமா எனக்குத் தோணாதது இந்தப் பயலுக்குத் தோணியிருக்கு" என்று அவர் வீட்டம்மாவைக் கூப்பிட்டார். எனக்குக் காப்பி வந்தது. அவர் வீட்டு டம்ளரில் எனக்குக் காப்பி வந்தது அன்றைக்குத்தான்.

சர்வே எண் 214/3 என்பது 214/3ஏ, 214/3பி ஆயிற்று. பி என்பதுதான் ஓரடி. யார் பெயரில் பதிவது என்று பேச்சு வந்தபோது அண்ணாச்சி, "உம் பேர்லயே கெடக்கட்டும்டே. நேர்மையான பய. நாளைக்கு நான் கேக்கும்போது இல்லைன்னு சொல்லமாட்ட" என்றார். இதே பத்திரப்பதிவு ஆபீசில்தான் பதிந்தோம். நகரமைப்பில் என் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான படம் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை என்றார்கள். இன்றைக்கும் சொல்கிறேன் அம்மா, அந்தத் தாளில் ஒரு பொய் கிடையாது. யார் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் என் பெயர் வரும். நான் எதையும் மறைக்கவில்லை.

முப்பத்து நாலு. பரவாயில்லை.

கிழக்கே அந்த அறுபது சென்ட் பாக்கியத்தாய் அக்காவுடையது. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் மாதம் ஒரு தடவை வருவார். அந்த நிலத்திலேயே ஒரு மூலையில் வீடு. கொழுந்தன்மார் இரண்டு பேருக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் சாலை தார் போட்டு முடிந்ததும் ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். கையில் பழைய காலண்டர் தாள். பின்பக்கம் பேனாவால் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்.

"இன்ஜினியர் தம்பி, ஒங்க ரோடு எங்க நெலத்துல வந்து முட்டுதுல்லா. அதையே உள்ள இழுத்து, ஒம்பது மனையாப் பிரிச்சித் தருவீங்களா? ஆளுக்கு மூணு. எனக்கு வீடு உள்ள மனை வந்தாப் போதும். சண்டை சச்சரவு இல்லாமப் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார். காசு வாங்கவில்லை. இரண்டு பாக்கெட் மாவு கொடுத்தார், அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். நல்ல படம் அம்மா. ஒன்பது மனையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நடுவில் சாலை, கடைசியில் லாரி திரும்ப இடம். அவர் வீட்டு வேப்பமரம் போகாமல் சாலையை இரண்டடி தள்ளினேன். எங்கள் சாலையும் அவர் சாலையும் சேருகிற இடத்தில் அம்புக்குறி போட்டேன். நடுவில் ஒரு மெல்லிய கோடும் போட்டேன். 214/3பி. அளவு பிசகாமல்.

அக்கா படத்தை மாவு மெஷின் மேல் விரித்து வைத்துப் பார்த்தார். விரலால் சாலை மேலேயே நடந்து வந்தார். அந்தக் கோட்டில் வந்து விரல் நின்றது.

"இது என்ன கோடு தம்பி?"

"அது சர்வே எல்லை அக்கா."

பொய்யா சொன்னேன்? சர்வே எல்லைதான். ஒரு எல்லைக்கும் இன்னொரு எல்லைக்கும் நடுவில் ஓரடி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி, மேலே கேளுங்கள்.

அவர் விண்ணப்பம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. அணுகுசாலை இல்லை, இடையில் தனிநபர் நிலம். யார் அந்தத் தனிநபர் என்று விசாரித்தால் பலவேசம் பி.இ. அவர் ஓடி வருவதற்குள் அண்ணாச்சி சாலை முடிவில் ஐந்தடிக்குச் சுவர் எழுப்பிவிட்டார். நான்தான் நூல் பிடித்தேன். ஓர் அங்குலம்கூட அக்கா நிலத்துக்குள் போகவில்லை, அதை நான் பார்த்துக்கொண்டேன். சுவரில் பலகை. 'இந்த இடம் மு. பலவேசம் பி.இ. அவர்களுக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் ஏறி நின்று தலையை மட்டும் நீட்டினார். நான் இந்தப் பக்கம்.

"வாங்க முதலாளி. ஒங்க எஸ்டேட் எதுவரைக்கும் போகுது? நடந்து பாக்கவே ஒரு நாளாகும்போல."

நான் கையில் இருந்த நூலைச் சுருட்டினேன்.

"கோயில்ல டியூப்லைட் குடுத்தவன்கூட இவ்ளோ பெருசாப் பேரு எழுதமாட்டான் தம்பி. நாடாப் புடிச்சேனே, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"படத்துல போட்டிருந்தேனே அக்கா."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் புரியவில்லை. படத்தில் போட்டிருந்தேன் என்பது உண்மைதானே?

அதற்குப் பிறகு அவர் ஓடைக்கரை வழியாகத்தான் போய்வருகிறார். மாவு டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு. ஐப்பசி மழையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு விலகி, ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தார். கடைக்காரர்கள் வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி அந்த ஒரு மாதத்துக்காகத்தான் காத்திருந்தார் போல. கட்டுப் பிரிக்கிற வாரம் ஆள் அனுப்பினார். ஒன்பது மனையில் நாலு மனையை எழுதிக் கொடுத்தால் ஓரடியை விட்டுக்கொடுக்கிறேன் என்று. மிச்சம் ஐந்து. கொழுந்தன்மார் ஆளுக்கு இரண்டு கேட்பார்கள், இளைத்தவர்கள் இல்லை. அக்காவுக்கு ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றும் வீடு உள்ள மனை இல்லை. அண்ணாச்சி கேட்ட நாலில் வீட்டு மனையும் ஒன்று. சாலைக்கு முகம் பார்த்த மனை, அகலமானது. நான்தான் வேப்பமரத்துக்காகச் சாலையைத் தள்ளி அதை அகலமாக்கினேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி ஆபீசில் ஒப்பந்தம். அக்கா சரி என்றுவிட்டார். வேறு என்ன செய்வார்? நான் நிலத்துக்காரன், நானும் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு இந்தத் தானப் பத்திரம் பதிவாகிவிட்டால் நாளைக்கு விற்க ஓரடியே இருக்காது. அது சாலையாகிவிடும். ஊராட்சிக்காகப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட ஒன்றிய ஆபீசிலிருந்து ஒருவர்கூட வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பாவம், நாலாவது தடவையாக வந்திருக்கிறார்.

நாலாவது தடவைதான் அம்மா. பதினைந்து நாளாக அலைகிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். வேலையில் சேர்ந்தபோது என் அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் அண்ணாச்சி வாங்கி வைத்துக்கொண்டார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, முதல் பட்டதாரி, எல்லாம். எங்கள் பக்கம் அது வழக்கம்தான், பாதியில் ஓடிவிடக் கூடாதென்று. போன மாதம் கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்குடே?"

"வேற வேலைக்கு எழுதிப் போடலாம்னு அண்ணாச்சி." ஜெராக்ஸ் எடுக்க என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"அது பீரோவுல பத்திரமாக் கெடக்கு. நீ எங்க போகப் போற? நிலத்துக்காரன்லா இப்போ." ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தவர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க எனக்கு வராது.

அம்மா வேறு. என் அம்மாவைச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை. எங்களுக்குக் குடியிருக்கிற வீடே வாடகை. என் பெயருக்குப் பட்டா வந்ததும் ஊரெல்லாம் சொல்லிவிட்டது, என் மகனுக்கு ரோட்டு மேல இடம் என்று. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்து பார்த்தது. சுவர் போக ஆறங்குலம் மண் மிச்சம் இருந்தது. அதில் முருங்கைக் கொப்பு ஒன்றை நட்டுவிட்டது. கொடுத்துவிடலாமா என்று ஜாடையாகக் கேட்டேன். "கொடுக்கதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்றது. சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டது.

இதெல்லாம் தெரிந்தும்தான் வந்திருக்கிறேன். இன்றைக்கு லீவு எழுதும்போதுகூட வயிற்றுவலி என்று எழுதவில்லை. சொந்த வேலை என்றுதான் எழுதினேன்.

ஆனால் சாட்சி கிடைக்க வேண்டாமா? முதல் தடவை என்னோடு படித்தவனைக் கூட்டி வந்தேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே ஒன்றுவிடாமல் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாப்ள, அண்ணாச்சி காம்ப்ளக்ஸ்லதான் என் கடை இருக்கு" என்று எழுந்து போய்விட்டான். இரண்டாம் தடவை பத்திரத்தில் நாலெல்லையில் ஒரு பிழை இருந்தது. தெற்கே என்பதற்கு வடக்கே என்று. திருப்பி எழுத வைத்தேன், அன்றைக்குப் பொழுது போயிற்று. மூன்றாம் தடவை ஒரு பெரியவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். சாட்சிக்கும் சிக்கல் வரலாம், அண்ணாச்சி ஆள் விட்டு விசாரிக்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி அம்மா வாங்குவது? அவர் பேனாவை மூடிவிட்டார். பரமானந்தம் சார் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, ஒனக்குச் சாட்சி வேண்டாம். போகவிடாமப் புடிச்சி வைக்க ஒரு ஆள் வேணும்" என்றார். என்னென்னவோ பேசுவார். ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, அதுதான் விஷயம். நியாயத்துக்கு ஒரு கையெழுத்துப் போட ஆள் இல்லை.

உங்களுக்கும் சொல்லிவிட்டேன். சிக்கல் வரலாம். நீங்கள் வெளியூர் என்பதால் அதிகம் வராது. ஆனால் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது.

போடுகிறீர்களா?

நிஜமாகவா? இருங்கள், இருங்கள், இப்படியே போட்டுவிடாதீர்கள். முதலில் படித்துப் பாருங்கள். கண்ணாடி கொண்டு வந்திருக்கிறீர்களா? மூன்றாம் பக்கத்தில் அளவு இருக்கிறது, கிழமேலாக ஓரடி, தென்வடலாக முப்பதடி. அதைப் பார்த்துவிட்டு... நீளத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. சுவரை ஒட்டி அளந்தால் இருபத்தொன்பது அடி பதினோரு அங்குலம்தான் வருகிறது. சாயங்காலம் போய் இன்னொரு தடவை அளந்துவிட்டு... இல்லை, நாளைக்குப் பத்து மணி. ஆமாம். நாளைக்குப் பத்து மணி.

என்ன கேட்கிறீர்கள்? எங்கே?

ஆமாம், அது என் இடம். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இருக்கிறதே, தானம் எழுதிக் கொடுப்பவர் என்று, அங்கே நான் போட வேண்டும்.

இல்லை, காலியாகத்தான் இருக்கிறது.

பதினைந்து நாளாகக் காலியாகத்தான் இருக்கிறது. சாட்சி கிடைத்ததும் போடலாம் என்று... இல்லை அம்மா, நீங்கள் சொல்வது சரி. எழுதிக் கொடுப்பவன் போட்டதைப் பார்த்தவர்தான் சாட்சி. நான் போடாத தாளுக்கு யார் வந்து சாட்சி போடுவார்கள்? பி.இ. படித்திருக்கிறேன், நாலெல்லையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன், இதைப் பார்க்கவில்லை. என்னோடு படித்தவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானே, இதைத்தான் தேடியிருப்பான். கடையைச் சாக்குச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அவனைப் பற்றி நான் பதினைந்து நாளாக எவ்வளவு கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

இந்தப் பெஞ்சில் டீக்கறை இருக்கிறது, துடைத்துவிடுகிறேன். தாளில் பட்டுவிடக் கூடாது.

நாற்பதைக் கூப்பிடுகிறார்கள். வேண்டாம், பேனா என்னிடமே இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். எட்டுப் பக்கம் இருக்கிறது அம்மா, ஒன்றாம் பக்கத்திலிருந்து போடுகிறேன். நடுவில் நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் பதில் சொல்லாதீர்கள். என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.